எட்டு வயது ஆகட்டும் என்கிறார்களே, காத்திருக்கலாமா?

இரண்டாம் வகுப்பு படிக்கும் ஏழு வயது மகனைப் பற்றி ஒரு தாய் கேட்டிருக்கிறார். எழுத்துகளைத் தனித்தனியே காட்டினால் பையன் பெரும்பாலும் சொல்லிவிடுகிறான். சேர்த்து ஒரு சொல்லாகப் படிக்க வரவில்லை. காதால் கேட்ட கதையை வரி பிசகாமல் திருப்பிச் சொல்கிறான். அதே கதையைப் புத்தகத்தில் காட்டினால் முதல் எழுத்தைப் பார்த்துவிட்டு மீதியை ஊகிக்கிறான். பள்ளியில் விசாரித்தால், "எட்டு வயது ஆகட்டும், பரிசோதித்துச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளலாம், அதுவரை பொறுங்கள்" என்கிறார்கள். மனம் கேட்காமல் ஆறு மாதமாக ஒரு தனியார் பயிற்சி மையத்துக்கு அனுப்புகிறார். "நல்ல முன்னேற்றம் இருக்கிறது" என்று மாதாமாதம் அங்கே சொல்கிறார்கள். வீட்டில் அது கண்ணில் படவில்லை. பொறுத்திருப்பதா, மையத்தைத் தொடர்வதா, உண்மையிலேயே முன்னேறுகிறானா என்பதை எப்படித் தெரிந்துகொள்வது என்று கேட்கிறார்.

பொறுக்க வேண்டாம். சான்றிதழ் வேறு, பாடம் வேறு. இரண்டையும் போட்டுக் குழப்பியதால் வந்த வினை இது.

எட்டு வயது என்ற கணக்கு எங்கிருந்து வந்தது? 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் குறிப்பிட்ட கற்றல் குறைபாடு எனப்படும், வாசிப்பு, எழுத்து, கணக்கு ஆகியவற்றில் வரும் தனிச் சிரமத்தை 21 வகை மாற்றுத்திறன்களில் ஒன்றாகச் சேர்த்தது. யாருக்கு, எப்படிச் சான்று கொடுப்பது என்ற வழிகாட்டுதலை மத்திய அரசு 2018 ஜனவரியில் அறிவித்தது. எட்டு வயதுக்குப் பிறகே சான்று, 14 வயதிலும் 18 வயதிலும் மறு பரிசோதனை, 18-இல் தருவது ஆயுள் முழுவதற்கும் செல்லும் என்று அது சொன்னது. அதற்கு நியாயமும் உண்டு. ஆறு வயதில் திணறும் பிள்ளைகளில் சிலர் தாமதமாக மலர்பவர்கள்; அவர்கள் மீது அவசரப்பட்டு முத்திரை குத்தக் கூடாது. ஆனால் அதே சட்டத்தின் 16-ஆவது பிரிவைப் படித்துப் பாருங்கள். கற்றல் குறைபாட்டைக் கூடிய சீக்கிரம் கண்டறிந்து, அதற்கேற்ற கற்பித்தல் முறைகளைக் கைக்கொள்ள வேண்டும் என்பதைக் கல்வி நிறுவனங்களின் கடமைகளில் ஒன்றாக அது வைக்கிறது. மாற்றுத்திறன் கொண்ட ஒவ்வொரு மாணவரின் முன்னேற்றத்தையும் கண்காணிக்க வேண்டும் என்பதும் அதே பிரிவில்தான் வருகிறது. எட்டு வயது வரை கையைக் கட்டிக்கொண்டு இருங்கள் என்று எந்த வரியும் சொல்லவில்லை. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகளுக்குத்தான் சான்று தேவை. கொம்பும் காலும் சொல்லிக்கொடுக்க யாருடைய முத்திரையும் தேவையில்லை.

இன்னொன்றும் உண்டு. மனநல மருத்துவர்கள் கையாளும் அமெரிக்கக் கையேட்டின் 2013-ஆம் ஆண்டுப் பதிப்பு, உரிய உதவி கொடுத்த பிறகும் சிரமம் குறைந்தது ஆறு மாதம் நீடித்தால்தான் அதைக் கற்றல் குறைபாடு என்று சொல்ல வேண்டும் என்கிறது. அப்படியானால் இப்போது நீங்கள் கொடுக்கும் உதவியும் அதன் பதிவும்தான் நாளைக்குப் பரிசோதனை மேசையில் வைக்க வேண்டிய முதல் ஆவணம். எதையும் செய்யாமல் எட்டு வயதில் போய் நின்றால், "சொல்லிக்கொடுத்தும் வரவில்லையா, சரியாகச் சொல்லிக்கொடுக்கவே இல்லையா?" என்று அவர்கள் கேட்பார்கள். அதற்கு உங்களிடம் பதில் இருக்காது.

காத்திருந்து பார்த்த அனுபவம் அமெரிக்காவுக்கு நிறையவே உண்டு. அங்கே பல ஆண்டுகள், பிள்ளையின் அறிவுத்திறன் மதிப்பெண்ணுக்கும் வாசிப்பு மதிப்பெண்ணுக்கும் இடையே பெரிய இடைவெளி விழுந்தால்தான் சிறப்பு உதவி கிடைக்கும் என்று வைத்திருந்தார்கள். முதல் வகுப்பில் அந்த இடைவெளி விழாது. விழுவதற்கு மூன்று நான்கு ஆண்டுகள் தோற்க வேண்டும். குழியில் விழுந்து காலை உடைத்துக்கொண்டு வா, பிறகு ஏணி தருகிறேன் என்பது போல. 2004-இல் அங்கே சிறப்புக் கல்விச் சட்டத்தைத் திருத்தியபோது, அந்த இடைவெளியை மாநிலங்கள் கட்டாயமாக்கக் கூடாது என்றும், முதலில் முறையான உதவி கொடுத்து அதற்குப் பிள்ளை எப்படி ஈடுகொடுக்கிறது என்பதை வைத்தே முடிவெடுக்கலாம் என்றும் மாற்றினார்கள்.

கனெக்டிகட் மாநிலத்தில் 1983-இல் தொடங்கி, மழலையர் வகுப்பிலிருந்தே பிள்ளைகளைப் பின்தொடர்ந்த ஓர் ஆய்வு உண்டு. மூன்றாம் வகுப்பில் வாசிப்பில் பின்தங்கியிருந்தவர்களில் 74 சதவீதத்தினர் ஒன்பதாம் வகுப்பிலும் பின்தங்கியே இருந்தார்கள். "வளர வளரச் சரியாகிவிடும்" என்று சொல்கிறவர்களிடம் நான் இந்த எண்ணைத்தான் சொல்வேன். வாசிப்பு ஆய்வாளர் ஜோசப் டோர்கெசன் குழுவினர் 2001-இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனிக்க வேண்டியது. எட்டு முதல் பத்து வயதுவரையுள்ள, கடுமையான வாசிப்புச் சிரமம் கொண்ட 60 பிள்ளைகளுக்கு எட்டு வாரத்தில் தலைக்கு 67.5 மணி நேரம், ஒருவருக்கு ஓர் ஆசிரியர் என்று கற்பித்தார்கள். பிழையில்லாமல் வாசிப்பதிலும் பொருள் புரிந்துகொள்வதிலும் வியக்கத்தக்க மாற்றம் வந்தது. வேகம் மட்டும் வரவில்லை. இழந்த மூன்று ஆண்டுகளில் மற்றப் பிள்ளைகள் கடைப்பலகை, பஸ் பலகை, பாடப்புத்தகம் என்று லட்சக்கணக்கான சொற்களைக் கண்ணால் கடந்திருப்பார்கள். அந்தப் பழக்கத்தை எட்டு வாரத்தில் ஊட்டிவிட முடியாது. ஏழு வயதில் தொடங்குவதற்கும் பத்து வயதில் தொடங்குவதற்கும் உள்ள வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. பத்து வயதில் பயனே இல்லை என்று நான் சொல்லவில்லை, உழைப்பு அதிகம்.

இனி உங்கள் பையனுக்கு வருகிறேன். தமிழில் இந்தச் சிரமம் எப்படித் தெரியும் என்பதில் பெரிய குழப்பம் இருக்கிறது. எழுத்தைக் கண்ணாடியில் பார்ப்பதுபோலத் திருப்பி எழுதினால்தான் டிஸ்லெக்சியா, அதாவது வாசிப்பில் வரும் கற்றல் குறைபாடு, என்று பலர் நினைக்கிறார்கள். ஒன்றை ஒன்று திருப்பிப் போட்டதுபோல இருக்கும் ஆங்கில எழுத்துகளை வைத்து வந்த எண்ணம் அது. தமிழில் கல் தடுக்கும் இடங்கள் வேறு.

முதல் இடம் கொம்பு. "கொடி" என்ற சொல்லில் கண் முதலில் பார்ப்பது ஒற்றைக்கொம்பு, பிறகு க, பிறகு துணைக்கால். வாய் சொல்ல வேண்டியதோ முதலில் க், பிறகு ஒ. கண்ணின் வரிசையும் நாக்கின் வரிசையும் ஒத்துப்போகவில்லை. போதாக்குறைக்கு, அந்தத் துணைக்கால் பார்வைக்கு ரகரத்தின் தம்பி. "கொடி"யைக் "கெரடி" என்று வாசிக்கும் பிள்ளைகளை நான் வாராவாரம் பார்க்கிறேன். அது கவனக்குறைவு இல்லை. கண்ணில் பட்டதை வரிசையாகச் சொல்கிறது பிள்ளை, அவ்வளவுதான். இரண்டாவது இடம் குறில் நெடில்: கெ, கே, கொ, கோ. மூன்றாவது, உகர வரிசை. கு, சு, து மூன்றிலும் உகரம் மூன்று விதமாக ஒட்டிக்கொள்கிறது. 1978-இன் எழுத்துச் சீர்திருத்தம் ணா, றா, னா, லை, னை போன்றவற்றின் தனி உருவங்களை ஒழித்துப் பிள்ளைகளின் சுமையைக் குறைத்தது. உகர ஊகார வரிசையில் அது கை வைக்கவில்லை. (பாட்டி சொல்லிக்கொடுத்தால் தும்பிக்கை போட்ட "லை" வரக்கூடும். அவரிடம் பக்குவமாகச் சொல்லிவிடுங்கள்.) நான்காவது, ஒரே எழுத்துக்குப் பல ஒலி: கடல், பகல், சங்கு மூன்றிலும் ககரம் ஒன்றுதான், ஒலி ஒன்றில்லை.

247 எழுத்துகள் என்று மிரள வேண்டியதில்லை என்றாலும், நம் எழுத்துமுறையில் எழுத்து கற்று முடிய நாளாகும் என்பது உண்மை. கன்னடப் பிள்ளைகளிடம் ஆய்வாளர் சோனாலி நாக் செய்த ஆய்வுகள், எழுத்தறிமுகமே நான்காம் வகுப்பு வரை நீள்வதைக் காட்டின. ஆகவே இரண்டாம் வகுப்பில் "ஞௌ" தெரியவில்லை என்பது ஒரு பொருட்டே இல்லை. உங்கள் கடிதத்தில் என் கண் நின்ற இடம் வேறு: எழுத்து தெரிகிறது, சேர்க்க வரவில்லை, ஊகிக்கிறான், காதால் கேட்டது மட்டும் அப்படியே தங்குகிறது. இந்த நான்கும் ஒன்றாக வரும்போது காத்திருக்க எனக்குத் துணிவு வராது. அதற்கு முன் காதையும் கண்ணையும் ஒரு முறை பரிசோதித்துவிடுங்கள். சளி பிடித்துக் காதில் நீர் கோத்த பிள்ளைகள் பலரைக் "கவனம் இல்லை" என்று உட்கார வைத்திருக்கிறோம்.

கற்பிப்பது என்றால் ஒரு நாளைக்கு இருபது முதல் முப்பது நிமிடம், வாரத்தில் ஐந்து நாள். ஞாயிற்றுக்கிழமை மூன்று மணி நேரம் உட்கார வைப்பதில் பயனில்லை. புத்தகத்தை மூடிவைத்துக் காதிலிருந்து தொடங்குங்கள். "தாமரை"க்கு மூன்று தட்டு. அதில் "தா"வை எடுத்துவிட்டால் என்ன மிச்சம்? "பல்" என்பதில் ப்-ஐ எடுத்துவிட்டு க் வைத்தால்? சமையலறையில் வேலை பார்த்துக்கொண்டே செய்யலாம். பிறகு எழுத்து: ஒரு நேரத்தில் ஒரு குறி மட்டும். இந்த வாரம் துணைக்கால் என்றால் கா, மா, பா, தா, அவற்றால் ஆன சொற்கள், அவற்றால் ஆன இரண்டு வரி. அடுத்த குறிக்குப் போகும் முன் பழையது கேட்டவுடன் வர வேண்டும். இடையிடையே "டோமி", "கெலு" போன்ற பொருளில்லாத சொற்களைக் கலந்து கொடுங்கள். ஊகிக்கும் பிள்ளையிடம் அந்த வித்தை இவற்றில் செல்லாது. எழுத்தைப் பார்த்தே தீர வேண்டும். மணலிலோ அரிசியிலோ விரலால் எழுதிக்கொண்டே சொல்வது திண்ணைப் பள்ளிக் காலத்துப் பழக்கம். அமெரிக்காவில் 1930-களிலிருந்து வழங்கும் ஆர்ட்டன்-கில்லிங்ஹாம் முறையும் கை, கண், காது, வாய் நான்கையும் சேர்த்தே வேலை வாங்குகிறது. செய்யுங்கள், பிள்ளைக்குப் பிடிக்கும். ஆனால் என் அனுபவத்தில் வேலை செய்வது மணலைவிட ஒழுங்கு: எது முதலில், எது பிறகு, எதை எத்தனை முறை.

இப்போது உங்கள் கேள்வியின் மறுபாதி, முன்னேற்றம் தெரிவது எப்படி என்பது. இதில்தான் நாம் எல்லாரும் கோட்டை விடுகிறோம். பருவத் தேர்வு மதிப்பெண் இதற்கு உதவாது; அது ஆண்டுக்கு மூன்று முறை வருகிறது, மனப்பாடத்தையும் சேர்த்து அளக்கிறது. மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஸ்டான்லி டெனோ என்பவர் 1970-களின் பிற்பகுதியில் இதற்கு ஓர் எளிய வழி கண்டார். வாரம் ஒரு முறை, ஒரே ஒரு நிமிடம், பிள்ளையை வாசிக்கவிட்டு எத்தனை சொல் சரி என்று எண்ணுவது. இவ்வளவு சின்னதாக இருக்கிறதே என்று முதலில் நானும் அலட்சியமாகத்தான் பார்த்தேன். காய்ச்சல் மானியும் சின்னதுதான்.

செய்முறை இது. அவன் இதுவரை பார்த்திராத, ஏறத்தாழ ஒரே கடினமுள்ள சிறு பத்திகள் பதினைந்து தயார் செய்யுங்கள். உங்கள் மகன் கேட்டதை அப்படியே பிடித்துக்கொள்கிறவன் என்பதால் ஒரே பத்தியைத் திரும்பக் கொடுத்தால் மூன்றாவது வாரம் அவன் வாசிக்க மாட்டான், ஒப்பிப்பான். ஒரு பிரதி அவனிடம், ஒரு பிரதி உங்களிடம். கைப்பேசியில் ஒரு நிமிடம் வையுங்கள். தவறான சொல்லின் மேல் ஒரு கோடு. மூன்று நொடி தயங்கி நின்றால் நீங்களே சொல்லிவிட்டு அதைத் தவறாகக் கணக்கிடுங்கள். தானே திருத்திக்கொண்டால் சரி. வீட்டில் "பளம்" என்று பேசுகிறவன் "பழம்" என்பதைப் "பளம்" என்று வாசித்தால் அது வாசிப்புப் பிழை ஆகாது, அவன் பேச்சு அப்படி. அந்த ஒரு நிமிடத்தில் திருத்தாதீர்கள், திட்டாதீர்கள், "நல்லா யோசி" என்று உந்தாதீர்கள். கடைசியில் சரியான சொற்களை எண்ணி, கட்டம் போட்ட நோட்டில் ஒரு புள்ளி வையுங்கள்.

தமிழுக்கு ஓர் எச்சரிக்கை. "நாய்" ஒரு சொல், "வந்துகொண்டிருந்தார்கள்" என்பதும் ஒரு சொல். ஆங்கிலத்துக்குப் போட்ட நிமிடத்துக்கு இத்தனை சொல் என்ற அட்டவணையை எடுத்து நம் பிள்ளைகள் மேல் வைப்பதைப் பார்க்கும்போது எனக்குக் கோபம் வருகிறது. இரண்டாம் வகுப்பில் இரண்டு முதல் நான்கு எழுத்துச் சொற்களாகப் பொறுக்கிப் பத்தி அமைத்தால் சொல்லை எண்ணலாம். மேல் வகுப்பில் எழுத்தை எண்ணுவதே நியாயம். பிள்ளையை அவனோடுதான் ஒப்பிடுகிறோம். அத்தையின் மகளோடு வேண்டாம்.

என்னிடம் வந்த ஒரு பையனின் நோட்டைக் காட்டுகிறேன். தொடக்கத்தில் மூன்று நாள் எடுத்த அளவுகள் 11, 14, 12. நடு எண்ணான 12-ஐத் தொடக்கமாக வைத்தோம். பன்னிரண்டு வாரத்தில் 30 என்று குறி வைத்து, 12-லிருந்து 30 வரை பென்சிலால் ஒரு கோடு இழுத்தோம்; வாரத்துக்கு ஒன்றரைச் சொல். முதல் ஆறு வாரம் வந்தவை 14, 15, 15, 14, 15, 14. மூன்றாம் வாரத்திலிருந்து நான்கு புள்ளிகள் தொடர்ந்து கோட்டுக்குக் கீழே. இந்த முறையில் ஒரு விதி இருக்கிறது: தொடர்ந்து நான்கு புள்ளி கோட்டுக்குக் கீழே விழுந்தால் கற்பிக்கும் முறையை மாற்று. பிள்ளையை அதட்டு என்று விதி சொல்லவில்லை. அவன் தாயும் நானும் உட்கார்ந்து அந்த ஆறு வாரத்துக் கோடு போட்ட சொற்களை எல்லாம் ஒரு தாளில் எழுதினோம். பாதிக்கு மேல் கொம்பு வரும் சொற்கள். நானோ அந்த ஆறு வாரமும் அவனுக்கு இகர ஈகாரம் நடத்திக்கொண்டிருந்தேன், அவனுக்கு ஏற்கெனவே தெரிந்ததை! பாடத்தை நிறுத்திவிட்டு, கொம்பைச் சிவப்பு மையில் எழுதி, "சிவப்பைப் பார்த்தால் நில், அடுத்த எழுத்தைப் பார், பிறகு வாயைத் திற" என்று மட்டும் மூன்று வாரம் ஓட்டினோம். ஏழாம் வாரம் 17. பிறகு 18, 21, 24, 25, 27. முப்பதைத் தொடவில்லை. ஆனால் நோட்டைத் திருப்பிப் பார்த்த அந்தப் பையன், புள்ளிகள் மேலே ஏறும் இடத்தில் விரல் வைத்து, "இங்கிருந்துதான் எனக்கு வந்தது" என்றான். மக்கு என்று பெயர் எடுத்திருந்தவன் அவன்.

இந்த நோட்டை நீங்கள் தொடங்கிவிட்டால் மையத்தைப் பற்றிய கேள்விக்கு நான் பதில் சொல்ல வேண்டியிருக்காது. அவர்களிடம் போய்க் கேளுங்கள்: சேர்ந்த அன்று எவ்வளவு வாசித்தான், இன்று அதே கடினமுள்ள பத்தியில் எவ்வளவு வாசிக்கிறான், இடையில் எப்போது, எதை மாற்றினீர்கள்? தடித்த கோப்பில் முடித்த பயிற்சித் தாள்களை அடுக்கிக் காட்டினால் அது அவர்கள் பட்ட பாட்டுக்குச் சாட்சி. பையனின் வாசிப்புக்குச் சாட்சி அதில் கிடைக்காது. ஒருவேளை பிழை குறைந்திருக்கலாம், வேகம் மட்டும் வராமல் இருக்கலாம். அப்படியென்றால் அவர்கள் சொல்வதும் உண்மை, உங்களுக்குத் தெரியாததும் உண்மை. எண்ணைக் கேட்டால் முகம் சுளிக்கும் இடத்தில் அடுத்த மாதக் கட்டணத்தைக் கட்டாதீர்கள். வண்ணக் கண்ணாடி, கண் பயிற்சி என்று யாராவது விற்றால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள். இவற்றுக்கு ஆதாரம் இல்லை என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகமும் கண் மருத்துவர் அமைப்புகளும் 2009-இலேயே கூட்டாக அறிவித்துவிட்டன.

பள்ளியை விட்டுவிடவும் கூடாது. அரசுப் பள்ளி என்றால் 2022-இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டத்தில் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கற்பிக்கிறார்கள். நல்ல ஏற்பாடுதான். உங்கள் மகன் எந்த நிலையில், எத்தனை மாதமாக இருக்கிறான் என்று ஆசிரியரிடம் கேளுங்கள். வகுப்பே மொட்டுக்கு நகர்ந்த பிறகும் ஒருவன் அரும்பிலேயே நின்றால், வகுப்புப் பாடம் மட்டும் அவனுக்குப் போதவில்லை என்று பொருள். மூன்று நான்கு பேராகப் பிரித்து வாரம் நான்கைந்து முறை கூடுதலாகக் கற்பிக்க வேண்டும். அதற்கும் அசையாவிட்டால் தனியாக. ஒன்றிய அளவிலான வட்டார வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநர்கள் இருக்கிறார்கள். தலைமையாசிரியர் வழியாக எழுத்தில் கேட்டால் வருவார்கள். வாய்மொழியாகக் கேட்டது காற்றோடு போய்விடும். பிள்ளைகளின் வளர்ச்சிக் குறைகளைச் சிறுவயதிலேயே பார்க்கும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டுச் சேவை மையத்திலும் பார்க்கச் சொல்லலாம். சென்னையில் இருந்தால் மெட்ராஸ் டிஸ்லெக்சியா சங்கம் 1990-களின் தொடக்கத்திலிருந்து இதே வேலையாக இருக்கிறது.

எட்டு வயது நிறைந்ததும் பரிசோதனைக்குக் கட்டாயம் போங்கள். அன்று நோட்டையும் பிழைப் பட்டியலையும் எடுத்துச் செல்லுங்கள். அதற்கு முன், ஜூனில் மூன்றாம் வகுப்பு தொடங்கும் முதல் வாரமே புதிய ஆசிரியருக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தின் நகல் ஒன்றைக் கொடுத்துவிடுங்கள். மே மாத விடுமுறையில் புள்ளிகள் கொஞ்சம் கீழே இறங்கியிருக்கும். பதற வேண்டாம், பெரும்பாலும் எல்லாப் பிள்ளைகளுக்கும் இறங்கும். முதல் புள்ளியை அங்கிருந்தே வையுங்கள்.